எட்டுத் தட்டு எடுத்தும் பசியோடு எழும்பினோம்: தபாஸ் பற்றி ஒரு பதில்

திருகோணமலையில் பிறந்து கொழும்பில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. நாலு பேராகக் கொழும்பில் ஒரு தபாஸ் (சின்னச் சின்னத் தட்டில் வரும் ஸ்பானியச் சாப்பாடு) ரெஸ்டோரன்டுக்குப் போயிருக்கிறார்கள். எட்டுத் தட்டு எடுத்தார்களாம். எல்லாம் புதுமாதிரி, பார்க்கவும் வடிவு. ஆனால் வெளியே வந்து கொத்து ரொட்டி சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். "பிழை எங்களுடையதா, கடையுடையதா? ஆடி மாதம் லண்டனில் இருந்து மச்சாள் வருகிறாள், அவளுக்குத் தபாஸ் என்றால் உயிர். ஊரில் அப்படி ஒரு இரவுச் சாப்பாடு கொடுக்க முடியுமா?" என்று கேட்கிறார்.

பிழை பாதிக்குப் பாதி. ஊரில் கொடுக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். கொழும்புக்குப் பெட்டியில் ஐஸ் போட்டு வரும் கணவாய் திருகோணமலையில் உங்கள் வாசலுக்கே வருகிறதே. நான் ஒன்பது வருடம் கட்டாரில் ஒரு ஹோட்டலின் ஸ்பானியக் குசினியில் இருந்தவன். உள்ளி உரிக்கச் சேர்ந்தேன், கடைசி மூன்று வருடம் சூட்டு அடுப்பு என் பொறுப்பு. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'தபா' என்றால் ஸ்பானிய மொழியில் மூடி. மதுக் கிண்ணத்துக்குள் ஈயோ மணலோ விழாமல் ஒரு துண்டுப் பாணையோ இறைச்சியையோ மேலே வைத்து மூடிக் கொடுத்தார்கள், அதிலிருந்துதான் பெயர் வந்தது என்பார்கள். ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ, தெற்கே காடிஸ் என்ற ஊரின் கடற்கரையில் ஒரு கடைக்குப் போனபோது காற்றில் மணல் பறந்ததாம், பரிமாறியவர் கிண்ணத்தை ஒரு துண்டு ஹாமால் (உப்பிட்ட பன்றி இறைச்சி) மூடிக் கொடுத்தாராம். எங்கள் குசினிப் பெரியவர் காடிஸ்காரர். மாதம் ஒருமுறையாவது இந்தக் கதையைச் சொல்வார், ஒவ்வொரு முறையும் காற்றின் வேகம் கூடும். கதையை நம்புங்கள், விடுங்கள். உங்கள் கேள்விக்கு அதில் உள்ள விஷயம், மூடியால் வயிறு நிரம்பாது என்பதுதான்.

ஸ்பெயினில் மக்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒன்பதரை, பத்து மணி ஆகிவிடும். அதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் ஒரு கடையில் நின்றபடி ஒரு வாய், அடுத்த கடையில் இன்னொரு வாய் என்று நகர்வார்கள். கிரனாடாவில் இன்றும் ஒரு கிளாஸ் பியர் கேட்டால் ஒரு தபா இலவசமாகக் கூடவே வரும். ஆகவே பசியைத் தீர்க்கும் பொறுப்பு அந்தச் சின்னத் தட்டுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. வெளிநாடுகளில் தபாஸ் 'ரெஸ்டோரன்ட்' ஆனபோதுதான் அதையே முழுச் சாப்பாடாக விற்க ஆரம்பித்தார்கள். உங்கள் கொத்து ரொட்டியின் கதை அங்கே தொடங்குகிறது.

வடக்கே சான் செபஸ்தியானில் இது வேறு மாதிரி. அங்கே பின்ச்சோ என்பார்கள், குத்துவது என்று பொருள். பாண் துண்டில் எதையாவது வைத்துப் பல்லுக்குச்சியால் குத்தி, கடையின் நீள மேசை முழுவதும் அடுக்கியிருப்பார்கள். வேண்டியதை எடுத்துத் தின்னலாம். சில கடைகளில் கடைசியில் உங்கள் முன்னால் கிடக்கும் குச்சிகளை எண்ணித்தான் காசு. இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்முடைய தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தவுடன் ரோல்ஸ், பட்டிஸ், கட்லட், உளுந்து வடை என்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்களே, அங்கேயும் தின்றதற்கு மட்டும்தானே காசு? குச்சிக்குப் பதிலாக முதலாளியின் கண் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் எட்டுத் தட்டுக்கு வருவோம்.

மெனுவில் அளவு மூன்று உண்டு. தபா என்பது ஒரு ஆளுக்கு இரண்டு வாய். ராசியோன் முழுத் தட்டு. மெடியா ராசியோன் அதில் பாதி. எல்லாக் கடையும் இதை எழுதி வைப்பதில்லை. ஆகவே பரிமாறுபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் எத்தனை துண்டு வரும்?" என்பது. நாலு பேர் இருக்கும் மேசைக்கு மூன்று குரோக்கெட்டா (கட்லட் மாதிரி ஒரு பொரியல்) வருவது எனக்கு இன்றுவரை பொறுக்காத ஒன்று. ஒரு துண்டைக் கூட்டித் தரச் சொல்லுங்கள், அதற்குக் காசு கொடுங்கள். நல்ல கடை அதைத் தானாகவே செய்யும்.

முழு இரவுச் சாப்பாடு அதுதான் என்றால் ஒரு ஆளுக்கு இரண்டரை, மூன்று தட்டு என்பது பொதுவான கணக்கு. நாலு பேருக்குப் பத்து, பன்னிரண்டு. நீங்கள் எடுத்தது எட்டு. அதிலும் எழுதியிருப்பதைப் பார்த்தால் பாண், சோறு, கிழங்கு ஒன்றுமே எடுக்கவில்லை. கூடவே, எட்டையும் ஒரே தடவையில் சொல்லியிருக்கிறீர்கள், பதினைந்து நிமிடத்தில் மேசை நிறைந்து, இருபத்தைந்தாவது நிமிடத்தில் முடிந்துவிட்டது. இது உங்கள் பங்குப் பிழை. சோறு மாதிரி எதையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவரும் சொல்லாதது கடையின் பங்கு. 10 சதவீத சேவைக் கட்டணம் வாங்கும் இடத்தில் அந்த ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க வேண்டும்.

சொல்ல வேண்டிய முறை இப்படி. ஒரு தரத்துக்கு இரண்டு தட்டு. அது முடியும் நேரம் அடுத்த இரண்டு. முதலில் குளிர்ந்தது, புளிப்பானது. பிறகு பொரித்தது. அதற்குப் பிறகு எண்ணெயோ குழம்போ உள்ளது, பாணோடு. கடைசியில் சோறு. பொரியலை முதலில் எடுத்தால் நாக்கு மந்தமாகிவிடும், பிறகு வரும் மெல்லிய ருசி ஒன்றும் ஏறாது.

'புதுமாதிரி' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. ஸ்பெயினின் வடகிழக்கே கத்தலோனியாவில் ரோசஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் எல் புல்லி என்று ஒரு உணவகம் இருந்தது. ஃபெரான் அட்ரியா நடத்தியது, 2011இல் மூடிவிட்டார்கள். அங்கே 2005இல் ஒரு ஒலிவ் காய் செய்தார்கள். பார்க்க ஒலிவ், வாயில் வைத்தால் உடைந்து முழுக்கச் சாறு. ஒலிவை அரைத்துப் பிழிந்த சாற்றில் சுண்ணச் சத்து உப்பைக் கலந்து, கடற்பாசியில் இருந்து எடுக்கும் அல்ஜினேட் கரைத்த தண்ணீரில் கரண்டியால் மெல்ல விட்டால் வெளிப்பக்கம் மட்டும் மெல்லிய தோலாக உறையும். இரகசியம் அவ்வளவுதான். பிறகு உலகத்து ஹோட்டல்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. நானும் கட்டாரில் மாம்பழத்தில் ஆயிரக்கணக்கில் உருட்டியிருக்கிறேன். ஒருவரும் இரண்டாம் தரம் கேட்டதில்லை. ஸ்பெயின்காரனுக்கு ஒலிவின் ருசி பிறந்ததில் இருந்து நாக்கில் இருக்கிறது, ஆகவே அது வேறு உருவத்தில் வந்தபோது திடுக்கிட்டான். தெரியாத வாய்க்கு அது வெறும் உப்புத் தண்ணீர்.

அதனால் உங்கள் விருந்தில் புதுமை வேண்டும் என்றால் வீட்டாருக்கு நன்றாகத் தெரிந்த ருசியில் தொடங்குங்கள், ஒரு தட்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். (சின்னக் கிளாசில் ரசம் மட்டும் வேண்டாம். எல்லா ஹோட்டலும் அதைச் செய்து அலுத்துவிட்டது.)

எனக்குப் பிடித்தது நண்டுக் குரோக்கெட்டா. ஸ்பெயினில் குரோக்கெட்டா மிச்சம் மீதியை வீணாக்காமல் இருக்கப் பிறந்த பலகாரம். நேற்றைய இறைச்சி, ஹாம் துண்டுகளை மாவும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிக் கூழில் போட்டுப் பிடிப்பார்கள். நம் வீட்டு மிச்சம் நண்டுக் குழம்பு. சதையை எடுத்து, குழம்பை வற்ற விட்டு, அதில் கிடக்கும் முருங்கை இலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டரில் கோதுமை மாவை வாசம் வரும்வரை வறுத்து, பாதி பசுப்பால் பாதி தேங்காய்ப்பால் விட்டுக் கட்டியில்லாமல் கிண்டி, நண்டைச் சேர்த்துத் தட்டில் ஊற்றி ஆறியதும் ஃபிரிஜ்ஜில் வையுங்கள். முழுக்கத் தேங்காய்ப்பாலில் செய்தால் சொதி வாசம் தூக்கும், நண்டு பின்னால் போய்விடும். குறைந்தது நாலு மணி நேரம் இறுக வேண்டும், முதல்நாள் இரவே செய்து வைப்பது நிம்மதி. பிறகு விரல் நீளத்துக்கு உருட்டி, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் புரட்டி நல்ல சூட்டில் பொரியுங்கள். வெளியே கட்லட் போலவே இருக்கும். கடித்தால் உள்ளே கூழ் ஓடும். கட்லட் என்று நினைத்துக் கடிக்கும் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவே செய்யலாம்.

உள்ளி எண்ணெயில் செய்யும் ஸ்பானிய இறால் தட்டில் ஒன்றையும் மாற்றாதீர்கள். கால் கிலோ இறாலுக்கு ஆறு பல் உள்ளி, ஒரு செத்தல் மிளகாய், அரைக் கிளாஸ் ஒலிவ் எண்ணெய், உப்பு. உள்ளியை இடிக்காமல் மெல்லிய வில்லையாக வெட்டி, சின்ன நெருப்பில் வெளிர்ப் பொன்னிறம் வரும்வரை விடுங்கள். இறாலைப் போட்டு இரண்டு நிமிடம். முன்கூட்டியே சூடாக்கிய மண்சட்டியில் கொட்டி, கொதிக்கக் கொதிக்க மேசைக்கு. நான் தேங்காயெண்ணெயிலும் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது இறால் வறுவல், சாப்பிட்டவர்கள் சோறு கேட்டார்கள். இதற்குத் தொட ரோஸ்ட் பாணை விடப் பொருத்தமான ஒன்றை நான் ஸ்பானியக் குசினியிலும் கண்டதில்லை. சட்டியில் மிஞ்சும் அந்த எண்ணெய்தான் உண்மையில் சாப்பாடு, இறால் அதற்கு ஒரு சாக்கு.

கணவாய்க்கு ஒரே விதி. நல்ல சூட்டில் இரண்டு நிமிடம், அல்லது சின்னச் சூட்டில் முக்கால் மணி நேரம். இடையில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர்தான். சின்ன ஊசிக் கணவாயை வாங்கி, கழுவியபின் துணியில் ஒற்றி நன்றாக ஈரம் எடுங்கள். ஈரம் இருந்தால் தோசைக்கல்லில் அவியுமே தவிரச் சுடாது. மைப்பையை மட்டும் எறிய வேண்டாம், அதற்கு வேலை இருக்கிறது.

நெத்தலியை வினாகிரியில் பச்சையாக ஊறவைத்துத் தருவது ஸ்பெயினில் பெரிய பேர்பெற்ற தபா. மச்சாள் நிச்சயம் கேட்பாள். செய்ய வேண்டாம் என்பேன். மீனுக்குள் இருக்கும் அனிசாகிஸ் புழுவை வினாகிரி கொல்லாது. ஸ்பெயினிலேயே, பச்சையாகவோ வினாகிரியில் ஊறவைத்தோ கொடுக்கும் மீனை உணவகங்கள் முதலில் உறைய வைத்தாக வேண்டும் என்று 2006இல் சட்டம் வந்தது. மைனஸ் 20 பாகையில் குறைந்தது 24 மணி நேரம். நம் வீட்டு ஃபிரீசரை, அதுவும் கரண்ட் போய்வரும் ஊரில், நம்பி அதைச் செய்ய முடியாது. அதே நெத்தலியைப் பொரித்து, சூட்டோடு வினாகிரி, வெங்காயம், உள்ளி, மிளகு போட்டு ஒரு இரவு ஊறவையுங்கள். இதுவும் ஸ்பானிய முறைதான், எஸ்காபெச்சே என்பார்கள். முதல் தரத்துக்குச் சரியான தட்டு.

ஹாம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். காடிஸ் பக்கத்தில் மோஹாமா என்று உப்புப் போட்டுக் காயவைத்த சூரை மீன் உண்டு, மெல்லிய சீவலாக வெட்டி ஒலிவ் எண்ணெய் விட்டுக் கொடுப்பார்கள். நம்மிடம் மாசி இருக்கிறது. மாசி அவித்துப் புகை காட்டிக் காயவைத்தது, ஆகவே இன்னும் கடினம். கூரிய கத்தியால் எவ்வளவு மெல்லிசாகச் சீவ முடியுமோ சீவி எண்ணெயில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். பாணை வாட்டி, உள்ளியால் ஒரு தேய், வெட்டிய தக்காளியால் ஒரு தேய், மேலே இரண்டு சீவல். சம்பலில் இடிபட்டே பழகிய மாசிக்கு இது ஒரு பதவி உயர்வு. கிண்ணியாவில் இருந்து முஸ்லிம் நண்பர்கள் வந்தாலும் எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடலாம்.

வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் இருந்தால் செவில்லியாவில் செய்யும் கீரையும் கடலையும் இருக்கிறது. சீரகமும் உள்ளியும் போட்டது, நம் வாய்க்கு விளக்கம் தேவையில்லை. கறிமிளகாயை முழுசாக எண்ணெயில் கொப்புளிக்கப் பொரித்துக் கல்லுப்பு தூவுங்கள். கலீசியாவில் பத்ரோன் மிளகாயை அப்படித்தான் செய்வார்கள், சிலது உறைக்கும் சிலது உறைக்காது என்பதே அதில் விளையாட்டு. கஜுவையும் உள்ளியையும் ஊறவைத்த பாணையும் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, கொஞ்சம் வினாகிரியும் ஒலிவ் எண்ணெயும் விட்டுச் சின்னக் கிளாசில் கொடுக்கலாம். மலாகாவில் பாதாம் பருப்பில் செய்வது. ஆடி வெயிலில் வந்தவுடன் கையில் கொடுக்க இதைவிட நல்லது இல்லை.

குசினி, மேசை, பாண், வினாகிரி என்று நான் கட்டாரில் இருந்து வீட்டுக்கு ஃபோனில் பேசும்போது எங்கள் குசினிப் பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். எல்லாம் போர்த்துக்கீசர் நம் வாயில் விட்டுப்போன சொற்கள், ஸ்பானியச் சொற்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள். 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் அவர்கள் கோட்டை கட்டியபோது போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பெயின் மன்னரின் தலையில்தான் இருந்தது. 1580 முதல் 1640 வரை அப்படி. இதை நான் சொன்ன அன்று அவர் ஒன்றும் பேசவில்லை, எனக்கு ஒரு கோப்பி போட்டுத் தந்தார்.

இனி எச்சில் விஷயம். சின்னத் தட்டு என்றாலே நடுவில் வைத்து எல்லோரும் எடுப்பது. கிண்ணியா, மூதூர் கல்யாண வீடுகளில் ஒரே சஹனை, அதாவது பெரிய பொதுத் தட்டை, சுற்றி இருந்து சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. நம் வீட்டில் அம்மம்மா ஒரு பார்வை பார்ப்பார். ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கரண்டி, ஆளுக்கு ஒரு வெறும் தட்டு, குரோக்கெட்டாவுக்குப் பல்லுக்குச்சி. முடிந்தது.

குடிக்க என்ன என்று கேட்பீர்கள். அங்கே இனிப்பில்லாத ஷெரி மதுவோ பியரோ வருவது எண்ணெயை அறுத்து வாயைக் கழுவத்தான். குடும்ப மேசையில் அந்த வேலையைத் தேசிக்காயும் உப்பும் போட்ட சோடா செய்யும், ஜிஞ்சர் பியரும் செய்யும். கிரீம் சோடா வேண்டாம், இனிப்பு எல்லாத் தட்டையும் விழுங்கிவிடும்.

நான் ஊருக்கு வந்து முதல் தடவை செய்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏழு பேருக்குப் பன்னிரண்டு தட்டு. பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் நாலு தட்டைப் பொரியலாக வைத்துவிட்டேன், இருப்பது ஒரு தாச்சி. ஒன்று பொரிந்து முடிவதற்குள் மற்றது ஆறியது. முற்றத்தில் இரண்டாவது அடுப்பை வைத்தேன், கச்சான் காற்று நெருப்பை நிற்கவே விடவில்லை. ஒருவழியாக எல்லாம் முடிந்து நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்க, பெரியப்பா மிக மரியாதையாகக் கேட்டார்: "எல்லாம் நல்லாயிருக்கு தம்பி. சோறு எப்ப வரும்?"

அன்றிலிருந்து கடைசித் தட்டு சோறுதான். எறியாமல் வைத்த கணவாய் மை இங்கே வருகிறது. வெங்காயம், தக்காளி, உள்ளியை நன்றாக வதக்கி, கணவாய்த் துண்டையும் மையையும் விட்டு, மீன் தலை அவித்த தண்ணீரில் அரிசியைக் கிண்டாமல் வேகவிடுவது. வலன்சியாவிலும் கத்தலோனியாவிலும் கறுப்புச் சோறு என்பார்கள். அவர்கள் போடும் குட்டை அரிசி இங்கே லேசில் கிடைக்காது, கீரிச்சம்பா போட்டால் ஓரளவு ஒத்துப்போகும். ஆளுக்கு ஒரு கைப்பிடி போதும். பெரியப்பா இதைப் பார்த்து "அடிப்பிடிச்சதா?" என்றுதான் கேட்டார், பிறகு இரண்டாம் தரமும் வாங்கினார். பல் கறுக்கும், போட்டோவை முன்னமே எடுத்துவிடுங்கள்.

வீட்டில் செய்ய நேரமில்லை என்றால் உப்புவெளிப் பக்கம் கடற்கரைக் கடை ஒன்றில் போய் இருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை அங்கே எல்லாம் திறந்திருக்கும். மெனுவில் 'பைட்ஸ்' என்ற பக்கத்தைத் திருப்புங்கள். டெவல் கணவாய், பொரித்த இறால், கடலைத் தாளிப்பு என்று இருக்கும். "இரண்டிரண்டாகக் கொண்டுவாங்கோ, அவசரமில்லை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எல்லாத் தட்டும் ஒன்றாக வந்து குவியும், மறுபடியும் கொத்து ரொட்டிதான்.

மச்சாளிடம் லண்டனில் இருந்து ஒன்றே ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள்: ஓக் விறகுப் புகையில் காயவைத்து அரைத்த ஸ்பானிய மிளகாய்த் தூள், பிமென்டோன், கையளவு டின். கிழங்கைப் பொரித்து அந்தத் தூள் போட்ட குழம்பை மேலே ஊற்றினால் மட்ரிட் தபா ஆகிவிடும். மற்ற எல்லாம் காலையில் மார்க்கெட்டில் வாங்கலாம். கணவாய்க்கு மட்டும் ஆறரை மணிக்கு முன் போங்கள்.